மறு: மறு: 'லே விசிட்டர்' தமிழ்ல என்ன வைக்கலாம்?

> இங்கிலாந்து ஜிபி (குடும்ப மருத்துவர்) பயிற்சி பத்தின கட்டுரைல 'லே விசிட்டர்'னு வர்ற இடத்துல பாமரப் பார்வையாளர்னு இப்போதைக்குப் போட்டு வச்சிருக்கேன், சரியா பாருங்க

பாமரர் வேணாங்க. பாமரன்னாலே படிக்காதவன்னுதான் காதுல விழுது, ஆனா லே விசிட்டர்ங்கிறவர் இங்கிலாந்துல ஜிபி பயிற்சி நடக்குற கிளினிக்கை டாக்டருங்களோட சேர்ந்து பாக்கப் போறவர், அவர் வக்கீலா இருக்கலாம் ரிட்டயரான வாத்தியாரா இருக்கலாம், மருத்துவத் துறைக்காரரா மட்டும் இருக்கக் கூடாது. அது அவருக்குக் குறை இல்ல, அதான் தகுதியே.

அங்க ஜிபி ஆகணும்னா எம்பிபிஎஸ் மாதிரி படிப்பு முடிச்சு ரெண்டு வருஷம் ஃபவுண்டேஷன்ங்கிற அடிப்படைப் பயிற்சி, அப்புறம் மூணு வருஷம் ஜிபி டிரெய்னிங், அதுல ஒரு பகுதி ஆஸ்பத்திரில, மிச்சம் ஒரு சீனியர் ஜிபிகிட்ட அவர் கிளினிக்லயே. அந்த கிளினிக் கத்துக்குடுக்க லாயக்கானு பாக்கப் போற டாக்டருங்க டீம்லதான் இவரும் போவாரு. வைத்தியம் சரியான்னு கேக்க மாட்டாரு, அது மத்தவங்க வேலை. பாடத்துக்குன்னு ஒதுக்கின நேரத்துல நிஜமாவே பாடம் நடக்குதா இல்ல அந்த நேரத்துலயும் பேஷன்ட்டத்தான் அனுப்புறாங்களா, பாடத்துக்காக கன்சல்டேஷனை வீடியோ எடுக்குறப்ப பேஷன்ட்கிட்ட முன்னாடியே கேட்டு கையெழுத்து வாங்குனாங்களா, வேண்டாம்னு சொன்னா வைத்தியத்துல ஒண்ணும் குறையாதுன்னு அவருக்குப் புரிஞ்சுதா, இப்படி. ரிசப்ஷன்ல இருக்கவங்ககிட்டயும் பேசுவாரு. ஒரே தொழில்காரங்க ஒருத்தர ஒருத்தர் லேசுல விட்டுக்குடுக்க மாட்டாங்கல்ல, அதுக்குத்தான் வெளியாள்.

(2010லேர்ந்து இந்தப் பயிற்சியெல்லாம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், அதாவது அங்க டாக்டர்களைப் பதிவு செஞ்சு ஒழுங்குபடுத்துற அமைப்போட கையில. அந்தக் கவுன்சில்லயே 12 பேர்ல 6 பேர் டாக்டர் இல்லாதவங்க.)

'பார்வையாளர்'லயும் எனக்கு உறுத்தல் இருக்கு. ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு பார்வையாளர்னா ஹார்லிக்ஸ் பாட்டிலோட சாயங்காலம் வர்ற சொந்தக்காரர்தான் ஞாபகம் வர்றாரு. மேற்பார்வையாளர்னும் மாத்த முடியாது, அது சூப்பர்வைசருக்குப் போயிடுச்சு.

கத்தோலிக்க சபைல சாமியார், சிஸ்டர் அல்லாதவங்களுக்கு 'பொதுநிலையினர்'னு அருமையான சொல் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு, ஆங்கிலத்துல 'லே'வும் அங்கேர்ந்து வந்ததுதான். அதனால என் ஓட்டு 'பொதுநிலை நேராய்வர்', நேர்ல போய் ஆய்வு செய்றவர்ங்கிற அர்த்தத்துல.

---

> என் ஓட்டு 'பொதுநிலை நேராய்வர்'

நேராய்வர் ஓகே. பொதுநிலைதான் இடிக்குது, ஜிபியை 'பொது மருத்துவர்'னு எழுதுற கட்டுரைல ரெண்டு பொதுவும் மோதிக்கும். 'மருத்துவர் அல்லாத நேராய்வர்'னே நேரா சொல்லிட்டா என்ன? இங்கிலாந்து போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பைத் திடீர்னு போய்ப் பாக்குறவங்களையும் முன்னாடி லே விசிட்டர்னுதான் சொன்னாங்க, இப்ப 'லே'யைத் தூக்கிட்டு இன்டிபென்டன்ட்னு மாத்திட்டாங்க.

---

மோதாதுங்க, அந்தக் கட்டுரைல ஜிபிக்கு 'குடும்ப மருத்துவர்'தான் போட்டிருக்கு. அதோட 'மருத்துவர் அல்லாத'ன்னா நர்ஸ், பார்மசிஸ்ட்டும் உள்ள வந்துடுவாங்க, அவங்களும் உள்ளாளுங்கதானே. முதல் தடவை வர்ற இடத்துல 'மருத்துவத் துறை சாராத பொதுநிலை நேராய்வர்', அப்புறம் வெறும் 'பொதுநிலை நேராய்வர்'. வேற யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடுறேன்.