சிறுத்தைப் பல்லி பதினொரு நாளாகத் தின்னவில்லை, கடைசியாகத் தின்றதையும் கக்கிவிட்டது

கல்லடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் இருந்த என் மச்சாள் வெளிநாடு போகும்போது தன்னுடைய லெப்பர்ட் கெக்கோவை, அதுதான் சிறுத்தைப் பல்லியை, என்னிடம் விட்டுப்போனாள், நாலு மாதம் ஆகிறது. ஆண், வயது மூன்று இருக்கும். பெயர் புள்ளி. வந்த நாளிலிருந்து நன்றாகத் தின்றது. பின்னேரம் இருட்டுகிற நேரம் சிரட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்க்கும், புழுவைக் கண்டால் வால் நுனியை ஆட்டி ஆட்டி நின்றுவிட்டு ஒரே பாய்ச்சல்.

மாரி மழை பிடித்த பிறகுதான் எல்லாம் மாறியது. முதலில் மூன்று புழு போட்டால் ஒன்றைத் தின்றது, அப்புறம் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியாகத் தின்றது ஒரு பெரிய வெட்டுக்கிளி, அது பதினொரு நாளுக்கு முதல். அதையும் மூன்றாம் நாள் விடியக் கக்கி வைத்திருந்தது. கால், சிறகு எல்லாம் அப்படியே முழுசாக, வழவழவென்று நனைந்து, ஊசிப்போன இறால் மாதிரி ஒரு நாற்றம். எச்சம் போட்டு இரண்டு கிழமை ஆகிறது. என் தம்பி நகை வேலை செய்கிறான், அவனுடைய தராசில் போன மாதம் 58 கிராம் இருந்தது, நேற்று 49.

இரண்டடி மீன் தொட்டியில்தான் வைத்திருக்கிறேன், பின் அறையில், டைல்ஸ் தரையில். பாலைவனத்து உயிர் என்று சொன்னதால் கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்து இரண்டு அங்குலம் போட்டேன். மச்சாள் தந்த ஹீட் மெட்டின் (தொட்டிக்கு அடியில் வைக்கும் கரண்ட் சூட்டு விரிப்பு) வயர் பழுதாகிவிட்டது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று நான் வேறு வாங்கவில்லை. சாப்பாடு பெரும்பாலும் மீல்வோம் என்கிற மாவுப்புழு, கிழமைக்கு ஒருமுறை மருமகன் படுவான்கரை வயலில் பிடித்துவரும் வெட்டுக்கிளி.

அம்மா ஆமணக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்கிறா, பக்கத்து வீட்டில் கிரைப் வாட்டர் என்கிறார்கள். இரண்டையும் நான் கொடுக்கவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா? இரவெல்லாம் நித்திரையில்லாமல் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன்.

சம்மாந்துறை வயல்காரன்:

தங்கச்சி, ஊட்டவே வேண்டாம். இப்போது உள்ளே போகும் எதுவும் செரிக்காது, திரும்பி வரும்போது மூச்சுக்குழாயில் போனால் அதோடு முடிந்துவிடும். எண்ணெயும் அப்படித்தான், ஆமணக்கெண்ணெய் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த டைல்ஸ் தரை. நான் ஆறு வருடமாக இரண்டு வளர்க்கிறேன், முதல் மாரியில் எனக்கும் இதே பிழைதான் நடந்தது. இதற்கு உடம்புக்குள் சொந்தச் சூடு கிடையாது. நாம் சோற்றைத் தின்றுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தால் வயிறு தன்பாட்டில் வேலை செய்யும், இதற்கு அது நடக்காது. வயிற்றுக்குக் கீழே சூடான இடம் இருந்தால்தான் செரிமான நீர் வேலை செய்யும், இல்லையென்றால் தின்றது உள்ளே அப்படியே கிடந்து அழுகும், பிறகு உடம்பே அதை வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த முழு வெட்டுக்கிளி அதுதான். ஆவணி வெயிலில் உங்கள் அறையே அந்தச் சூட்டைக் கொடுத்திருக்கும், அதனால்தான் மெட் இல்லாமலும் தின்றது. மார்கழி மழையில் தரை எவ்வளவு குளிர் என்று வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள், அதன் வயிறு நாள் முழுக்க அதில்தான் கிடக்கிறது.

இன்றைக்கே தொட்டியை மேசைக்கு ஏற்றுங்கள், மணல் முழுவதையும் அள்ளிவிட்டுப் பத்திரிகைக் கடதாசியோ டிசு பேப்பரோ விரியுங்கள். மெட் வரும்வரை பழைய காலத்துக் குண்டு பல்ப் 40 வாட் ஒன்றைக் கம்பி வலை மூடிக்கு மேலே, தொட்டியின் ஒரு தொங்கலில் வையுங்கள் (எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது), அதற்கு நேர் கீழே ஒரு கூரை ஓடு. ஓட்டின் மேற்பரப்பு 31 முதல் 33 பாகைக்குள் நிற்க வேண்டும், மற்றத் தொங்கல் 25 பாகை அளவில் குளிராக இருக்கட்டும், அப்போதுதான் அது தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும். கையை வைத்து மதிக்காதீர்கள். வயர் முனை உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி முனையை ஓட்டின் மேலேயே வையுங்கள். 36, 37 என்று ஏறினால் பல்பைத் தூக்குங்கள். மெட் வாங்கும்போது சூடு கூடாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து வாங்குங்கள், அது இல்லாத மெட் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும்.

மணல் கதையும் சொல்ல வேண்டும். இதன் சொந்த இடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கம். அங்கே கல்லும் இறுகிய மண்ணும் காய்ந்த புல்லும்தான், நம் கடற்கரை மாதிரி உதிர் மணல் இல்லை. புழுவைப் பாய்ந்து கவ்வும்போது மணலும் சேர்ந்து போகும். சூடில்லாத குடல், தண்ணீர் குறைவு, மணல் மூன்றும் சேர்ந்தால் அடைப்புத்தான்.

பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 30 பாகை அளவில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதன் முழங்கை நனையும் உயரத்துக்கு மட்டும், கால் மணி நேரம் நிற்க விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள், ஆழம் கூடினால் களைத்துவிடும். வயிற்றை அமுக்க வேண்டாம். துடைத்துச் சூடான பக்கம் விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் நக்கும்.

இன்னொன்று, அந்த வெட்டுக்கிளி. நானும் வயல் செய்கிறவன், எந்த வயலில் எப்போது மருந்தடித்தார்கள் என்று பூச்சியைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. என் பல்லிக்கு வயல் பூச்சி ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். மின்மினிப் பூச்சியை எப்போதுமே கொடுக்காதீர்கள், ஒன்றே கொன்றுவிடும்.

திருக்கோவில் மணியன்:

இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று கேட்கிறேன். என்னுடையதும் ஆண்தான். போன வருடம் தை பிறந்ததும் சாப்பாட்டை விட்டது, ஆறு கிழமை ஒரு புழு தொடவில்லை, இரவெல்லாம் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு திரிந்தது. இணை தேடும் காலம் என்று விட்டுவிட்டேன், பிறகு தானாகத் தின்றது. தோல் கழற்றும் நாட்களிலும் இரண்டு மூன்று நாள் தின்னாது. வால் தடிப்பாக இருந்தால் அதில் கொழுப்பு இருக்கிறது, கிழமைக்கணக்கில் தாங்கும். பட்டினி உடனே கொல்லாது அக்கா.

சம்மாந்துறை வயல்காரன்:

தம்பி சொல்வது உண்மை, பட்டினி மட்டும் என்றால் நானும் பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுடையது ஆறு கிழமையில் எத்தனை கிராம் இறங்கியது? என்னுடையது அந்தக் காலத்தில் இரண்டு கிராம்தான் இறங்கும், ஓடித் திரியும், எச்சமும் சின்னதாகப் போடும். புள்ளி ஒரு மாதத்தில் 58இல் 9 கிராம் இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய 15 வீதம். கக்கியிருக்கிறது, எச்சமும் இல்லை. இதை இணை தேடும் காலத்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

அக்கரைப்பற்று ரீச்சர்:

சூடு விசயத்தில் வயல்கார நானா சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். ஆனால் சூடு சரியான பிறகும் கக்கினால் அதோடு நிற்காதீர்கள், நான் நின்றதால் ஒன்றை இழந்தேன்.

என்னுடையதற்கு மெட், தெர்மோஸ்டாட் எல்லாம் இருந்தது. கக்கத் தொடங்கியதும் புழு பெரிதாகிவிட்டது, ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எச்சம் தண்ணியாக, பூச்சியின் துண்டுகள் தெரிகிற மாதிரி, சளி படிந்து வந்தது. என் பெருவிரல் தடிப்பு இருந்த வால் இரண்டரை மாதத்தில் பென்சில் மாதிரி ஆனது, இடுப்பு எலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது, அதற்குப் பிறகுதான் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கிரிப்டோஸ்போரிடியம். குடலில் வாழும் ஒட்டுண்ணி, பல்லி இனத்தில் அதற்கு நம்பி இருக்கக்கூடிய மருந்து இல்லை. சாதாரணமாக எச்சத்தைப் பார்த்தால் தப்பிவிடும், தனிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிப் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். குளோரின் போட்டுக் கழுவினாலும் சாகாது, நான் பாத்திரங்களைக் கொதிதண்ணீரில் போட்டேன், மரத்துண்டு எல்லாவற்றையும் எரித்தேன்.

உங்களுடையது அதுதான் என்று நான் சொல்லவில்லை தங்கச்சி, உங்கள் தொட்டியைப் பார்த்தால் குளிரும் மணலும்தான் காரணம் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் எச்சம் வந்த உடனே, காய முதல், ஒரு சின்னப் போத்தலில் எடுத்து மூடிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொடுங்கள். நம் பக்கத்து அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழிதான் அதிகம் வரும், பல்லியின் எச்சம் என்று சொன்னால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை, நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரே, தனிச் சாயம் என்று வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்கு முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பெட்டியைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், மஹியங்கனை வழிப் பயணம் நீளம்.

பரிசோதனை இல்லாமல் பூச்சிக் குளிசை கொடுக்க வேண்டாம், 49 கிராம் உயிருக்கு அளவு சொல்ல வைத்தியரால்தான் முடியும். வீட்டுப் பல்லி எதுவும் தொட்டிக்குள் விழாமல் மூடியையும் பாருங்கள், அவையும் ஒட்டுண்ணி கொண்டுவரும். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம், ஊர்வனவற்றில் சல்மனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும்.

கல்லடிக்காரி:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நானா சொன்ன அன்றிரவே மணலை அள்ளினேன். தெர்மோமீட்டர் முனையைத் தரையில் வைத்தேன், 23 பாகை. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, இவ்வளவு நாளும் அதில்தானே படுத்திருந்தது. பல்பும் ஓடும் வைத்த முதல் இரவே சிரட்டையை விட்டு வந்து ஓட்டின் மேல் வயிற்றைப் பரப்பி, கண் இமையை மூடிக்கொண்டு, கை நாலையும் நீட்டிப் படுத்தது, விடியும்வரை அசையவில்லை.

நாலாம் நாள் தண்ணீரில் நிற்கும்போது எச்சம் வந்தது. கறுப்பாக ஒரு அங்குல நீளம், முனையில் வெள்ளை யூரிக் கட்டி (அதன் சிறுநீர்க் கழிவு) மஞ்சளித்திருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தேன் (கையுறை போட்டுத்தான்), பாதிக்கு மேல் மணல், சின்ன ஊரித் துண்டும் இருந்தது. நேற்று இன்னொன்று, அதில் மணல் குறைவு. ரீச்சர், அதைப் போத்தலில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒட்டுண்ணி முட்டை கண்ணில் படவில்லை, இரண்டு கிழமையில் இன்னொரு மாதிரி கொண்டுவாருங்கள் என்றார்கள். எடை 48இல் நிற்கிறது.

இன்று பின்னேரம் வால் நுனியை ஆட்டிக்கொண்டு என் விரலைப் பார்த்தது. இனிக் கொடுக்கலாமா? எவ்வளவு? இங்கே மழைக்குக் கரண்டும் அடிக்கடி போகிறது, அப்போது என்ன செய்வது?

சம்மாந்துறை வயல்காரன்:

அல்ஹம்துலில்லாஹ், மணல் வந்ததுதான் பெரிய விசயம். இப்போது கொடுக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்று. தோல் கழற்றிப் பால் வெள்ளையாக இருக்கும் மீல்வோம் பார்த்து எடுங்கள், அதற்கு மேல்தோல் மெல்லிசு. அதன் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள அகலத்தை விடப் பெரிய பூச்சி இனி எப்போதும் வேண்டாம். மூன்று நாள் பொறுங்கள், கக்காவிட்டால் இரண்டு கொடுங்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு என்ற அளவில் நிறுத்துங்கள். புழுவுக்கு முதல் நாளே முருங்கையிலையும் கரட்டும் போடுங்கள், வெறும் தவிட்டில் வளர்ந்த புழுவில் சத்தில்லை. கல்சியம் தூள் தடவியே கொடுங்கள், அது குறைந்தால் குடலும் சோம்பும், மணலை நக்கவும் தேடும். மீல்வோம் மட்டும் போதாது, கிரிக்கெட் பூச்சியை வீட்டிலேயே ஒரு வாளியில் வளர்க்கலாம், தனியாக எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று ரீச்சர்:

கரண்டுக்கு நான் செய்வது இது. சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிப் பழைய சாறன் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி ஓட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன், ஒன்றரை மணி நேரம் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும். தொட்டியின் மூன்று பக்கத்தையும் ரெஜிபோமால் (வெள்ளை நுரைப் பலகை) மூடிவிடுங்கள். காற்று, மழை, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் சாப்பாடு போடாதீர்கள், கேட்டாலும் போடாதீர்கள். தின்ற பிறகு இரண்டு நாளாவது அந்த ஓடு சூடாக இருக்க வேண்டும்.