மாட்டுக்குச் சிவப்பு வீடு எங்கே? சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் வயலையும் பட்டியையும் அறிமுகப்படுத்துவது எப்படி?

வாவிக்கரைத் தாய் (கல்லடி, மட்டக்களப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நான்கு வயதில் ஒரு மகனும் இரண்டரை வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். மகனுடைய முன்பள்ளியில் இந்த மாதம் "பண்ணை" என்ற தலைப்பில் படிப்பிக்கிறார்கள் என்பதால், வீட்டிலும் அதையொட்டி ஏதாவது செய்யலாம் என்று நினைத்து, இணையத்தில் கிடைத்த படத்தாள்களை அச்செடுத்து, மட்டையில் ஒட்டி, ஒரு வாரம் மினைக்கெட்டேன். சிவப்புப் பலகையடித்த பெரிய கொட்டில், பன்றி, செம்மறி, தொப்பி போட்ட விவசாயி எல்லாம் அதில் இருந்தன. கைத்தொலைபேசியில் விலங்குகளின் காணொளிகளையும் காட்டினேன்.

சென்ற வாரம் மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனோம். மகள் பட்டியைப் பார்த்தவுடன், "மாட்டுக்குச் சிவப்பு வீடு எங்கே?" என்று கேட்டாள். மாடு எப்படிக் கத்தும் என்று மாமனார் கேட்டபோது "மூ" என்றாள். கன்றைப் பிரித்துக் கட்டியிருந்த பசு ஒன்று அந்த நேரம் பார்த்து "அம்மா" என்று நீளமாகக் குரல் கொடுக்க, பிள்ளை அலறியடித்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாமனார் அமைதியாக, "இந்த மாட்டுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை போலிருக்கிறது, மகள்" என்றார்.

அதன்பின் படத்தாள்களை எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் வளவு சிறியது, மணல் தரை, ஒரு முருங்கையும் இரண்டு வாழையும் மட்டுமே உண்டு. காலையில் அரை மணித்தியாலம் ஒதுக்க முடியும். செலவில்லாமல், நம்முடைய வயலையும் பட்டியையும் தோட்டத்தையும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டுவரலாம்? எழுத்தையும் இதோடு சேர்த்துப் பழக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் கூறுங்கள்.

தம்பிலுவில் ஆசிரியை (முன்பள்ளியில் இருந்து ஓய்வுபெற்றவர்) பதில்:

தங்கை, படத்தாளில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளை முதலில் பொருளைத் தொட்டுவிட்டு அதன் பிறகு படத்தைப் பார்த்திருந்தால், சிவப்பு வீட்டைத் தேடியிருக்க மாட்டாள். உங்கள் வீட்டில் வரிசை மாறிவிட்டது. காணொளியைப் பொறுத்தவரை, 2 வயது முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் திரைநேரம் நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் மாமனாரிடம் இரண்டு பேணி நெல்லும் ஒரு சின்னச் சுளகும் கேட்டு வாங்குங்கள். நிலத்தில் ஒரு பாயை விரித்து, நெல்லை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, சிரட்டை, பால்பேணி, அகப்பை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இரண்டரை வயதுப் பிள்ளை அள்ளுவாள், ஊற்றுவாள், சிந்துவாள். ஒரு வேலையில் அவள் 5 முதல் 10 நிமிடம் வரை நின்றாலே போதும். நான்கு வயது மகனுக்கு, சிரட்டையால் எத்தனை தரம் ஊற்றினால் ஒரு சுண்டு (அரிசி அளக்கும் பேணி) நிரம்பும் என்ற கேள்வியைக் கொடுங்கள். எண்ணுவதும் ஒப்பிடுவதும் அதற்குள்ளேயே வந்துவிடும். இன்னொரு நாள் ஒரு பிடி நெல்லை உரலில் இட்டு இலேசாகக் குற்றிச் சுளகில் கொட்டி, நீங்கள் புடைத்துக் காட்டுங்கள். உமி முன்னால் பறந்து, அரிசி கையருகே ஒதுங்குவதைக் கண்ட பிள்ளை, "திரும்பச் செய்யுங்கள்" என்று எத்தனை தரம் கேட்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். நெல், உமி, தவிடு, குறுணல், அரிசி, சோறு என்று ஒரே பொருளுக்குப் படிக்குப் படி நம்மிடம் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களை அந்தந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

விலங்குகளுக்கும் இதே வழிதான். மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்று பழகிய பிள்ளைகளிடம், தென்னைக்குப் பிள்ளை, வாழைக்குக் குட்டி என்று உங்கள் வளவு வாழையடியில் நின்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம் என்பதும் நல்ல பாடமே. முப்பது பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் ஒரு பிள்ளையும் மறக்காத பாடம் அது ஒன்றுதான்!

பயறு முளைக்க வைப்பதை எல்லோரும் சொல்வார்கள். இரவில் ஊறவிட்டு ஈரத்துணியில் சுற்றினால் ஒன்றிரண்டு நாளில் முளை தெரியும் என்பதால், பொறுமை குறைந்த வயதுக்கு ஏற்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை: என்னிடம் படித்த ஒரு பிள்ளை பயற்றை மூக்கினுள் நுழைத்துவிட்டது. மூக்கின் ஈரத்தில் அது ஊதிப் பெருத்து, வைத்தியசாலையில்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பயறு, கௌபி, கச்சான் போன்றவற்றை மகளின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். நெல்லிலும் அப்படியே, நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.

எழுத்து இப்போது வேண்டாம். மகன் விரும்பினால், தாம்பாளத்து நெல்லில் விரலால் கோடு, வட்டம், சுழி போடட்டும்.

வட்டைக்காரன் (வெல்லாவெளி) பதில்:

ஆசிரியை அம்மாவின் கருத்தோடு உடன்படுகிறேன். அதோடு ஒரு சொல்லைப் பற்றியும் கூற விரும்புகிறேன். வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் எவரும் தம் காணியைப் பண்ணை என்று சொல்வதில்லை. நெல் விளைவது வட்டை, காவலுக்குத் தங்குவது வாடி, மாடு நிற்பது பட்டி, மிளகாயும் கத்தரியும் இருப்பது தோட்டம். கரடியனாற்றில் அரசாங்கத்தின் பண்ணை இருக்கிறது; பிள்ளைக்குப் பண்ணை என்ற சொல்லை அங்கே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். மாமனார் வீட்டில் பட்டி என்றே சொல்லுங்கள். சிவப்பு வீட்டைக் கேட்ட பிள்ளைக்கு, எங்கள் வயலுக்கு யானையும் வரும் என்று சொன்னால், அந்தப் படத்தாளை அவளே கிழித்துப் போடுவாள்.

வயலுக்கு அழைத்து வருவதாக இருந்தால் காலத்தைப் பார்த்து வாருங்கள். மழைக்காலப் பயிரான பெரும்போகத்துக்குப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் அறுவடை செய்கிறோம். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் உள்ளவர்கள் கோடையில் சிறுபோகமும் செய்வார்கள். விதைப்பின்போது ஒரு தரம், பயிர் முழங்காலளவு வளர்ந்தபின் ஒரு தரம், கதிர் சாய்ந்த பிறகு ஒரு தரம் என்று ஒரே வரம்பில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். பயிர் பிள்ளையின் எந்த இடம்வரை வந்தது என்பதைப் பிறகு அவர்களே காட்டுவார்கள்.

இனிக் கவனிக்க வேண்டியவை. விதைநெல் கேட்காதீர்கள், சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் நெல்லைக் கேளுங்கள். விதைநெல்லில் சில வேளைகளில் மருந்து கலந்திருக்கும். முளைக்க வைக்கப் போகிறீர்கள் என்றால் அவிக்காத நெல்லாக இருக்க வேண்டும், அவித்த நெல் முளைக்காது. வெறும் நெல்லில் சுணை உண்டு. விளையாடி முடிந்தவுடன் உடம்பைக் கழுவாவிட்டால் பிள்ளை இரவு முழுவதும் சொறியும். மருந்துப் போத்தல் எதையும், கழுவியது என்று சொன்னாலும், நீரூற்ற எடுக்க வேண்டாம். வயல் சேற்றில் வெறுங்காலோடு இறக்குவதையும் தவிருங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். வைக்கோற்போரில் ஏறி விளையாடுவது எங்கள் காலத்து இன்பம். ஆனால் எலி உள்ள இடத்துக்கு விரியனும் வரும் என்பதால், என் பிள்ளைகளை நான் ஏறவிடுவதில்லை.

நிந்தவூர் வாசகி பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்கு மூன்று வயதில் ஒரு மகன். நெல்லிலும் அரிசியிலும் பிள்ளையை விளையாட விடுவதை என் உம்மா ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். ஒரு நாள் அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிக் கொடுத்ததைக் கண்டு, "சோற்றைக் காலில் மிதிக்கப் பழக்குகிறாயா?" என்று கேட்டுவிட்டு, அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆகவே நான் ஆலையில் இருந்து உமி வாங்கி, அதை மண்ணோடு கலந்து, மகனுக்கு வரம்பு கட்டக் கொடுத்தேன். ஒரு பழைய தட்டில் மண்ணை அணைத்து, நடுவே வக்கடை (நீர் பாயும் வாய்) வெட்டி, பேணியால் நீர் விட்டால் ஒரு பாத்தியில் இருந்து அடுத்த பாத்திக்கு நீர் ஓடுகிறது. அடைப்பதும் திறப்பதுமாக அவன் முக்கால் மணித்தியாலம் இருந்த நாளும் உண்டு. நீரை வாளியோடு வைக்காமல் பேணியளவில் மட்டும் கொடுங்கள். சில அங்குல நீர்கூட இந்த வயதுக்கு ஆபத்து.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு அடைக்கோழி. ஏழு முட்டைகளோடு அதை ஒரு கூடையில் அமர்த்தி, கூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு காலையிலும் அடுப்புக் கரியால் ஒரு கோடு போடச் சொன்னேன். ஏழாவது கோட்டன்று இரவில் ஒரு முட்டையை டோர்ச் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தபோது, உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரிந்தன. மகன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். 21 ஆம் கோட்டில் நான்கு குஞ்சுகள் வந்தன. மற்ற மூன்றும் ஏன் வரவில்லை என்று கேட்டான்; எல்லா முட்டையிலும் குஞ்சு உண்டாவதில்லை என்று உள்ளபடி சொன்னேன், அத்தோடு விட்டுவிட்டான். வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும் என்பதால் அதை நான் தொடவில்லை, அவ்வளவு பொறுமை எனக்கே கிடையாது. குஞ்சைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு அணைத்து முத்தமிடக் கூடாது என்பது மட்டும் எங்கள் வீட்டுச் சட்டம்.

தம்பிலுவில் ஆசிரியை பதில்:

நிந்தவூர்த் தங்கையின் உம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. என் வகுப்பில் விளையாடிய நெல்லை வெள்ளிக்கிழமை புடைத்துத் துப்புரவாக்கி, பிள்ளைகளின் கையாலேயே அயல்வீட்டுக் கோழிகளுக்கு இடுவோம்; ஒரு மணியும் குப்பைக்குப் போனதில்லை. பாயில் சிந்தியதைப் பொறுக்குவதும் விளையாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. விரல்நுனிக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுப் பெரியவரின் மனம் நோகும் என்றால் உமியும் மண்ணும் போதும்.

கல்லடித் தங்கைக்கு இன்னொன்று: பசுப்பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு சின்னச் சட்டியில் ஊற்றி, உறையிடும் கரண்டியை மகளின் கையில் கொடுங்கள். விடிந்ததும் மூடியைத் திறப்பதும் அவளாகவே இருக்கட்டும். பட்டியில் பயந்த பிள்ளை மாட்டோடு சமாதானமாவதற்கு அதுவும் ஒரு வழி.

வாவிக்கரைத் தாய் பதில்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதல் நாள் மகள் நெல் முழுவதையும் தன் தலையில் கொட்டிக்கொண்டாள், வட்டைக்கார ஐயா சொன்ன சுணை என்ன என்பது அன்று இரவு எனக்கு விளங்கியது. மூன்றாம் நாளில் இருந்து ஒழுங்காக அள்ளி ஊற்றுகிறாள். ஒரு சுண்டுக்கு எத்தனை சிரட்டை என்று மகனிடம் கேட்டால், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை சொல்கிறான். குவித்து ஊற்றுவதும் தட்டி ஊற்றுவதும் ஒன்றல்ல என்பதைத் தானே கண்டுபிடித்து, இப்போது விரலால் வழித்துவிட்டு எண்ணுகிறான். பயறு ஒரு தரம் அழுகிப்போனது. இருவரும் போட்டி போட்டு நீர் விட்டதே காரணம்.

தயிர் மட்டும் எதிர்பாராத விதமாக முடிந்தது. காலையில் மூடியைத் திறந்து பார்த்த மகள், பால் எங்கே போனது என்று அழத் தொடங்கிவிட்டாள். சீனி தூவி ஒரு கரண்டி கொடுத்த பிறகுதான் ஓய்ந்தாள்.

இன்று விடிய அவளே சுளகை இழுத்துக்கொண்டு வந்து நெல் கேட்டாள். கைவசம் இருந்ததை நேற்றுத்தான் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டிருந்தோம். மாமனாருக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரும்போது இன்னும் இரண்டு பேணி நெல் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன். மகள் தொலைபேசியைப் பறித்து, மாட்டையும் கொண்டுவரச் சொன்னாள்.