ஜூனிப்பர் காய்களின் நுனி பிளந்திருக்கிறது, விதையும் முளைக்கவில்லை: உள்ளே சிலந்தியா?

சர்ரே தோட்டம்:
வணக்கம். இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ஒரு சுண்ணாம்புக் குன்றில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதர்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. பழைய புதர்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து போகின்றன, அவற்றின் அடியில் ஒரு கன்றைக்கூடக் காணோம். அதனால் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, போன அக்டோபரில் காய் பறித்து விதைத்தேன். வசந்தம் வந்து போய்விட்டது, ஒன்றும் முளைக்கவில்லை.

இந்த வாரம் மறுபடி பறிக்கப் போனபோதுதான் கவனித்தேன். ஒரு புதரில் பாதிக்கு மேற்பட்ட காய்களின் நுனி மூடவே இல்லை. மூன்று மடலாக விரிந்து, விதைகள் பருத்து வெளியே தெரிகின்றன. பக்கத்துப் புதரில் காய்கள் உருண்டையாக நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவற்றின் விதைகளைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலானவை மிதக்கின்றன. இது என்ன நோய்? மருந்து ஏதாவது அடிக்கலாமா? வீட்டுக்குக் கொண்டுவந்தால் சன்னலோரம் வைத்திருக்கும் கறிவேப்பிலைக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நாற்றங்கால்:
முதலில் அந்தத் தட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். ஜூனிப்பர் விதையின் ஓடு மிகக் கடினம், உறக்கமும் ஆழமானது. ஒரு கோடையின் சூடும் அதற்கடுத்த குளிரும் பட்ட பிறகே பெரும்பாலும் விழிக்கும். இரண்டாவது வசந்தத்தில், சில சமயம் மூன்றாவதில்தான் முளை தெரியும். எனவே போன ஆண்டு விதைத்தவை கெட்டுப்போனவை என்று இப்போதே சொல்ல முடியாது.

நுனி பிளந்த காய்கள் வேறு விஷயம். நீங்கள் சொல்லும் அடையாளம் டிரைசெட்டகஸ் குவாட்ரிசெட்டஸ் என்ற நுண்சிலந்தியுடையது (வலை பின்னும் சிலந்தி அல்ல, மிகச் சிறிய சிலந்திப் பேன்). நாம் பழம் என்று சொல்வது உண்மையில் ஒரு கூம்பு. மூன்று சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றாக ஒட்டி, உள்ளே பெரும்பாலும் மூன்று விதைகளை மூடிக்கொள்ளும். இந்தச் சிலந்தி இளங்காயிலேயே புகுந்து உறிஞ்சுவதால் செதில்கள் நுனியில் ஒட்டாமலே நின்றுவிடும். அந்த விதையிலிருந்து செடி வராது.

இருபது மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால், பிளந்த பச்சைக் காய் ஒன்றை அறுத்துப் பாருங்கள். கால் மில்லிமீட்டர் நீளத்தில் வெளிறிய புழுப்போல ஊர்ந்தால் அதுதான். மற்ற சிலந்திப் பேன்களுக்கு நான்கு ஜோடிக் கால், இதற்குத் தலைப்பக்கம் இரண்டு ஜோடி மட்டும்.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். கால் இரண்டு ஜோடி, புழு மாதிரி உடம்பு என்றதும் எங்கள் தென்னை ஈரியோபைட் சிலந்திதான் நினைவுக்கு வந்தது. 1998-இல் கேரளத்தில் தென்பட்டு, அப்புறம் எங்கள் பக்கமும் வந்து குரும்பைகளைப் பழுப்பாக்கியது. காம்பை ஒட்டிய மூடி இதழ்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், வெளியே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. இரண்டும் உறவா?

நாற்றங்கால்:
தூரத்து உறவுதான், ஒரே பெருங்குடும்பம். ஒளிந்து வாழும் குணமும் அதேதான். இங்கேயும் சிலந்தி காய்க்குள் இருப்பதால் மருந்து போய்ச் சேராது. அதோடு, குன்றின் காட்டுப் புதர்களில் மருந்து அடித்தால் அவற்றை நம்பி வாழும் எத்தனையோ பூச்சிகளும் சாகும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

கறிவேப்பிலைக்குப் பயமே வேண்டாம். டிரைசெட்டகஸ் இனங்கள் ஊசியிலை மரங்களில் மட்டுமே வாழ்பவை. மத்திய ஆசியாவில் ஜூனிப்பர் விதைகளைத் தின்னும் கிர்கிசோரம் என்ற இனமும் இந்தப் பேரினம்தான்.

சர்ரே தோட்டம்:
மனசு இலேசாயிற்று, நன்றி. அப்படியென்றால் உருண்டைக் காய்களின் விதை ஏன் மிதக்கிறது? அங்கேயும் சிலந்திதானா?

நாற்றங்கால்:
அங்கே சிலந்தியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஜூனிப்பரில் ஆண் புதர் வேறு, பெண் புதர் வேறு. மகரந்தம் காற்றில்தான் வரவேண்டும். ஆண் புதர் தொலைவில் இருந்தால் காய் ஒழுங்காகப் பழுத்தும் விதை வெறுங்கூடாக இருக்கலாம். காயிலும் விதையிலும் வட்டமான சிறு துளை இருந்தால் அது மெகாஸ்டிக்மஸ் பைபங்டேட்டஸ் என்ற சிறு குளவி வெளியேறிய வழி. துளை இல்லாத விதைக்குள் அதன் கால் இல்லாத வெள்ளைப் புழு இருக்கவும் கூடும்.

மிதவைச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் பிசினும் சதையும் நல்ல விதையையும் மிதக்கவைக்கும். சதையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒவ்வொரு புதரிலிருந்தும் முப்பது விதையை நகவெட்டியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக நிறைந்திருந்தால் நல்லது. பழுப்புத் தூளோ வெறும் ஓடோ என்றால் சொத்தை. முப்பது விதை வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் சொத்தை விதைக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றுவதை நினைத்தால் இது பெரிதல்ல.

சர்ரே தோட்டம்:
மூன்று நாள் உட்கார்ந்து நான்கு புதர்களின் விதைகளை வெட்டினேன். பிளந்த காய்ப் புதரில் 30-க்கு 1 மட்டுமே நல்ல விதை. தனியாக நிற்கும் புதரில் 2, மற்றவை பெரும்பாலும் வெறும் ஓடு. மேட்டில் நிற்கும் புதரில் 6, வெள்ளைப் புழு மூன்றில் இருந்தது. ஆண் புதருக்குப் பத்தடியில் நிற்கும் புதரில் 13! அந்தப் புதரை இதுவரை நான் தொட்டதே இல்லை, காய் சிறியது என்று விட்டுவிட்டேன். லென்ஸில் சிலந்தியையும் பார்த்தேன், நூல் துணுக்கு நகர்வது போல இருந்தது.

நாற்றங்கால்:
13 மிக நல்ல எண்ணிக்கை. அங்கே அதிகம் எடுங்கள், ஆனால் மற்றவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுங்கள், கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாகிவிடக் கூடாது. கருநீலமாகப் பழுத்த, நுனி மூடிய காய்களை மட்டும் பறியுங்கள். பச்சைக் காய்க்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைட்டோஃப்தோரா ஆஸ்ட்ரோசெட்ரி என்ற வேரழுகல் நோய் 2011-இல் வடக்கே அப்பர் டீஸ்டேல் ஜூனிப்பர்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மண்ணோடு பரவும். ஒரு குன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் காலணி மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். வளர்ந்த கன்றுகளை வெளியிலிருந்து வாங்கி நடாதீர்கள், உங்கள் குன்றின் விதையே போதும்.

சர்ரே தோட்டம்:
சரி, அப்படியே செய்கிறேன். பழைய தட்டுகளையும் கொட்டவில்லை. எலி தோண்டாமலிருக்க மேலே கம்பிவலை போட்டு வெளியிலேயே வைத்துவிட்டேன்.