தாமிரபரணிக் கரையோரப் பயணம்: எவற்றைப் பார்க்கலாம்?

கேள்வி – கரைவழிப்போக்கன்
பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியைத் தை மாதத்தில் குடும்பத்தோடு காண எண்ணியுள்ளேன். நீரோட்டம் எப்படி இருக்கும்? எவற்றைத் தவறவிடக் கூடாது?

மறுமொழி – நெல்லைவாசி
தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இந்த ஆற்றுக்கு நீர் தருவதால், தை மாதத்தில் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரமே வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாள்களில் ஆற்றில் இறங்காதீர்கள். பாபநாசத்தில் நீராடுவோர் பழைய துணிகளை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து நீங்களும் பின்பற்ற வேண்டாம்.

மறுமொழி – பொருநைச்செல்வி
வரலாற்றில் ஆர்வமிருந்தால், முதுமக்கள் தாழிகள் கண்டெடுக்கப்பட்ட ஆதிச்சநல்லூரையும், பாண்டியரின் முத்துத் துறைமுகமாயிருந்த கொற்கையையும் பாருங்கள். ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டதால், இன்றைய கொற்கையில் அலையைக் காண முடியாது, வயல்களைத்தான் காண்பீர்கள்.

மறுமொழி – நாரைநோக்கி
என் பரிந்துரை, கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடுகட்டும். எச்சம் வீட்டுக் கூரைகளில் விழுந்தாலும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. 2005இல் இவ்விடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய்களைக் காண விரும்பினால், ஆள் நடமாட்டமில்லாத அதிகாலையில் கரையில் அமைதியாகக் காத்திருங்கள்.