இன்டர்கலேஷன்: இடைச்செருகலா, இடைப்புகலா?

அனைவருக்கும் வணக்கம்.

உலோக அணைவுச் சேர்மங்கள் (நடுவே ஓர் உலோகம், அதைச் சுற்றிப் பிணைந்த பிற மூலக்கூறுகள்) டிஎன்ஏவோடு சேரும் விதங்களுக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு மூலக்கூறு டிஎன்ஏவின் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்துகொள்ளும் இன்டர்கலேஷனுக்கு ‘இடைச்செருகல்’ போதும் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார்.

> பழகிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது. பழைய நூலின் நடுவே பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்த பாடல் இடைச்செருகல். கணக்கில், தெரிந்த மதிப்புகளுக்கு நடுவே தெரியாத மதிப்பைக் காண்பதும் இடைச்செருகல். இதைக்கூடச் சமாளித்துவிடலாம். எனக்கு உறுத்துவது வினைதான். செருகு என்றால் செருகுவதற்கு ஒரு கை வேண்டும்; கத்தி தானாக உறைக்குள் செருகிக்கொள்ளாது. இங்கே மூலக்கூறு தானாகவே போய் நுழைகிறது.

டிஎன்ஏவின் இரு இழைகளையும் ஏணிப்படிகள்போல் இணைக்கும் கார இணைகள் 3.4 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தட்டையான வளையங்கள் கொண்ட மூலக்கூறு இரண்டு இணைகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டால், அந்த இடத்தில் இடைவெளி ஏறக்குறைய இரு மடங்காகிறது. சுருளின் முறுக்கு அங்கே தளர, டிஎன்ஏ நீள்கிறது. 1961இல் அறிவியலாளர் லெர்மன் அக்ரிடின் சாயங்களைக் கொண்டு இந்த விளக்கத்தை முன்வைத்தபோது, கரைசலின் பாகுநிலை (ஓடவிடாத கெட்டித்தன்மை) கூடியதும் அவருக்கு ஒரு சான்று. இன்றும் ஆய்வகத்தில் அதே சோதனையைச் செய்கிறோம். பாகுநிலையை அளக்கும் விஸ்காமீட்டரின் நுண்குழாய் வழியே டிஎன்ஏ கரைசலை இறங்கவிட்டு, ஸ்டாப் வாட்சைப் பிடித்தபடி மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். சேர்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க இறங்கும் நேரம் கூடிக்கொண்டே போனால், அது அடுக்குக்குள் புகுந்திருக்கிறது. வெறுமனே டிஎன்ஏ சுருளின் வெளிப்புறப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேர்மம் நேரத்தை அவ்வளவாக மாற்றாது.

அதனால் நான் முன்வைக்கும் சொல் இடைப்புகல். வினை இடைப்புகு, புகும் மூலக்கூறு இடைப்புகி. மின்கலத்தில் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் போவதற்கும் இதே சொல் பொருந்தும்.

> ‘புகல்’ என்றால் அடைக்கலம் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்?

நினைக்கட்டும். அந்தப் பொருளும் இங்கே அழகாகப் பொருந்துகிறது. இரண்டு பைபிரிடினும் ஒரு டைபிரிடோஃபினசீனும் ஈனிகளாக (உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறுகளாக) கொண்ட ருத்தேனியம் அணைவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அது ஒளிர்வதே இல்லை என்று சொல்லலாம். ஃபினசீன் பகுதியின் நைட்ரஜன்களோடு நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு ஒளியை அணைத்துவிடுகின்றன. அதில் டிஎன்ஏ கரைசலை விட்டு நீல ஒளியில் பிடித்தால், குழாய் செம்மஞ்சளாக ஒளிர்கிறது. நீண்ட ஈனி கார இணைகளுக்கு நடுவே நுழைந்து தண்ணீரிடமிருந்து தப்பிவிட்டது, புகலிடம் கிடைத்துவிட்டது! வேதியியலாளர் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் 1990இல் வெளியிட்ட இந்த ‘ஒளி சுவிட்ச்’ இன்னும் எனக்கு வியப்பு தீராத ஒன்று. அந்த நீண்ட ஈனிக்குப் பதில் மூன்றாவதாகவும் ஒரு பைபிரிடினையே வைத்தால், அணைவு பெரும்பாலும் மின்கவர்ச்சியால் வெளியே ஒட்டிக்கொள்வதோடு சரி. உலோகமும் அதன் மின்சுமையும் அப்படியேதான் இருக்கின்றன. ஈனியின் வடிவம் மட்டும்தான் மாறியது.

அப்புறம், பிளாட்டினம் கொண்ட புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினையும் இதே பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அது புகுவதில்லை, பிணைகிறது. செல்லுக்குள் குளோரைடு அயனி குறைவு என்பதால் அதன் குளோரைடுகள் கழன்று நீர் மூலக்கூறுகள் வந்து அமர்கின்றன. பிறகு பிளாட்டினம், அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின் காரங்களின் ஏழாம் எண் நைட்ரஜன்களைப் பிடித்துக்கொள்ள, டிஎன்ஏ அங்கே வளைகிறது. அதன் டிரான்ஸ் மாற்றியத்தில் (அணுக்களின் அமைப்பு மட்டும் மாறிய வடிவத்தில்) இரு குளோரைடுகளும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்துக் குவானின்களை அப்படிப் பாலமிட்டுப் பிடிக்க முடியாது. அதே அணுக்கள்தான், ஆனால் அது மருந்தாகவில்லை. இந்த வகைக்கு ‘சகப்பிணைதல்’ என்ற சொல்லே போதும்.

எனக்கு உண்மையில் சிக்கலாக இருப்பது ரோடியம். அதன் சில பருத்த அணைவுகள், இணை பொருந்தாத காரங்கள் இருக்கும் இடத்தைத் தேடி, டிஎன்ஏ சுருளின் இரு பள்ளங்களில் சிறியதான சிறுபள்ளத்தின் வழியே நுழைகின்றன. நுழைந்து அந்த இரண்டு காரங்களையும் அடுக்கிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, அவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. இடைப்புகலில் யாரும் வெளியேற மாட்டார்கள், நெருக்கி இடம் கொடுப்பார்கள்; இங்கே இருந்தவர்களே வெளியே போகிறார்கள். ஆங்கிலத்தில் இதை இன்சர்ஷன் என்று பிரித்துச் சொல்கிறார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டால், படிக்கும் மாணவருக்கு வேறுபாடே தெரியாமல் போய்விடும். ‘பெயர்த்துப் புகல்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் மூலக்கூறுக்குப் பெயர் வைக்கும்போது ‘பெயர்த்துப்புகி’ என்று நாக்கில் இடறுகிறது. இதைவிடச் சிறியதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்; அதுவரை இடைப்புகலை மட்டும் முடிவு செய்துகொள்வோம்.