ஊட்டி கல் பங்களா: "முதல் வீடு" என்று சொல்லலாமா?

உதகை_பழைய_மாணவன்:
2022-ல் 'ஊட்டி 200' கொண்டாடியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிளம்பிய சண்டை, இன்னும் ஓயவில்லை. பஞ்சாயத்துக்கு இங்கே கொண்டுவருகிறேன். ஊட்டியின் முதல் வீடு, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ்தான். ஊர்க்காரர்கள் வாயில் அது கல் பங்களா. இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அந்த மனிதர் வந்திராவிட்டால் ஏரி ஏது, உருளைக்கிழங்கு ஏது, ஊட்டியே ஏது? இதைச் சொன்னால் சிலருக்கு ஏன் சுருக்கென்று கோபம் வருகிறது?

மலைப்பாதை:
கோபம் சல்லிவன் மேல் இல்லை, "முதல்" என்ற சொல்லின் மேல். போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை மிரட்டி நீலமலையைப் பிடித்தான் என்று 1117-ம் ஆண்டு போசளர் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கல் பங்களாவுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு 700 வருஷம் முந்தைய கதை. 1603-ல் பெனிசியோ என்ற பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு காலமும் அவர்கள் மழையிலா நின்றார்கள்? மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே புல் வேய்ந்து, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி கட்டுவார்களே, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும், அது வீடு இல்லையா? ஊர்ப் பெயரிலேயே 'மந்து' இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. 1821-லேயே ஒரு கடிதத்தில் 'வோட்டோகிமண்ட்' என்று அந்தப் பெயர் வந்துவிட்டது. அப்போது கல் பங்களாவில் ஒரு கல்கூட வைக்கவில்லை.

உதகை_பழைய_மாணவன்:
சரி, "முதல் கல் வீடு". போதுமா?

கோத்தகிரி_டீக்கடை:
அவசரப்படாதீங்க. சல்லிவன் மலையில் முதலில் வீடு கட்டியது எங்கள் பக்கம், கோத்தகிரி கண்ணேரிமுக்கில். அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்து இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், ஒரு நடை வந்து பாருங்கள். சிறுமுகையிலிருந்து மேலே வந்த பாதையும் எங்கள் பக்கமாகத்தான் வந்தது. 1823 வரை வெட்டினார்கள், சிறைக்கைதிகளைக் கொண்டு. விழா எடுப்பவர்கள் ஏரியைப் பேசுவார்கள், பூங்காவைப் பேசுவார்கள், அந்தக் கைதிகளைப் பேச மாட்டார்கள்.

உதகை_பழைய_மாணவன்:
நான் சொன்னது ஊட்டியில் முதல். நீலகிரியில் முதல் என்று சொல்லவில்லையே!

மலைப்பாதை:
நிலம் வந்த கதையையும் சொல்லுங்கள். ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் வாங்கினார் என்பார்கள். எருமை மேய்க்கிறவருக்கு ஏக்கர் என்றால் என்ன, பத்திரம் என்றால் என்ன? விற்றுவிட்டால் இனி அங்கே மேய்க்க முடியாது என்று அவருக்கு யார் விளக்கினார்கள்?

பழைய_காகிதம்:
இந்த இடத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மற்ற வெள்ளைக்காரர்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்றார்கள் என்பதையும் பாருங்கள். மலை நிலம் தோடர்களுக்கே சொந்தம், எடுப்பதென்றால் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர் சல்லிவன்தான். சென்னை கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே சல்லிவன் ஊட்டியில் தன் பெயரில் நிறைய நிலம் வளைத்து வைத்திருந்தார். தோடர் உரிமை செல்லாது என்றால் அவர் வாங்கியதும் செல்லாது. ஆக, நியாயம் பேசினாரா, சொந்தக் காரியம் பார்த்தாரா? என் கணக்கில் இரண்டும்தான்.

மலைப்பாதை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டாவது பாதியை விழா மேடையில் சொல்வார்களா?

உதகை_பழைய_மாணவன்:
எனக்கு இரண்டாவது பாதி இதுவரை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அவர் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கேதான் கிடக்கிறார்கள், இருவரும் 1838-ல் போனவர்கள். வந்தார், வளைத்தார், போனார் என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கோத்தகிரி_டீக்கடை:
யாருக்கும் வராதுங்க. ஆனால் அதே தேவாலயத்து உத்தரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு அரண்மனையைப் பிரித்து, அந்த மரத்தை மலையேற்றினார்கள். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் அடியில் வேறொருவர் வீடு இருக்கும்.

மலைப்பாதை:
நான் கேட்பது ஒரே ஒரு சொல். "ஊட்டியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு" என்று எழுதுங்கள், சண்டை முடிந்தது.

உதகை_பழைய_மாணவன்:
ஒரு சொல் என்று சொல்லிவிட்டு இரண்டு சேர்த்திருக்கிறீர்கள். சரி, குழுவில் அப்படியே திருத்திவிட்டேன். பெரியப்பா இப்போதே "யார் கெடுத்தது இவனை" என்று கேட்டுவிட்டார்.