கம்பெனி பாதி, கேம்பஸ் பாதி பிஎச்டி: நம்பிப் போகலாமா? (ஐரோப்பா, உணவுத் துறை)

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்ப மாஸ்டர்ஸ் ஆகஸ்டில் முடியுது. கையில் ரெண்டு பிஎச்டி வாய்ப்பு இருக்கு. ஒண்ணு இங்கேயே, பட்டாணிப் புரதம் எப்படி ஜெல் ஆகுதுங்கிறதைப் பத்தி, நாலு வருஷம். இன்னொண்ணு அயர்லாந்தில், ஐரோப்பிய ஒன்றியம் பணம் குடுக்கிற மேரி கியூரி தொழில்துறை முனைவர் திட்டம். சீஸ் ஆலையில் மிஞ்சுற வே பெர்மியேட்டிலிருந்து உருப்படியா என்ன எடுக்கலாம்னு பார்க்கணும். பாதிக் காலம் கம்பெனிக்குள்ளேயே இருக்கணும்.

"கம்பெனி முன்னாடி நின்னு நடத்துற ஆராய்ச்சியில் கேள்வி உன்னுடையதா இருக்காது"ன்னு என் கைடு சொல்றார். அப்பாவோ, "கம்பெனின்னா அங்கேயே வேலை போட்டுக் குடுப்பாங்களா?"ன்னு கேக்குறார். ரெண்டுக்கும் பதில் தெரியலை. உள்ளே இருந்து வந்தவங்க யாராவது சொல்லுங்க.

பால்காரர்:

தம்பி, நான் அப்படி ஒரு திட்டத்துக்குள்ளே நாலு வருஷம் கிடந்து வந்தவன். இப்போ அயர்லாந்தில் மன்ஸ்டர் பக்கம் ஒரு பால் ஆலையில் ப்ராசஸ் வேலை. உங்க கைடு சொன்னது சரிதான், கேள்வி என்னுடையதா இல்லை. ஆனா 24 வயசுல எனக்குன்னு சொந்தமா ஒரு கேள்வி இருந்துச்சான்னு யோசிச்சா, அதுவும் இல்லை.

பெர்மியேட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேணும். அதில் 9 லிட்டர் வேயா வெளியே வந்துடும். வீட்டில் பனீருக்குப் பால் திரிச்சா இளம்பச்சையாத் தெளியுமே, கிட்டத்தட்ட அதுதான். அதை மெம்பிரேனில் வடிச்சுப் புரதத்தை எடுத்தா ஜிம் பசங்க வாங்குற டப்பா. மிச்சம் நிக்கிற தண்ணி, லாக்டோஸ், உப்பு எல்லாம் சேர்ந்தது பெர்மியேட். சும்மா ஆத்துல விட முடியாது. வேயோட பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருங்க இழுக்கிற ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 30,000லிருந்து 50,000 மில்லிகிராம் வரைக்கும் போகும், வீட்டுக் கழிவுநீரில் அது சில நூறுதான். புரதத்தை எடுத்தாலும் பெருசாக் குறையாது, சுமையில் பெரும்பங்கு லாக்டோஸ்தான். 2015 மார்ச் 31ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பால் கோட்டா (நாட்டுக்கு இவ்வளவுதான் பால்னு வச்சிருந்த உச்சவரம்பு) முடிஞ்சதும் இங்கே மாடு கூடிச்சு, சீஸ் கூடிச்சு, இந்தத் தண்ணியும் கூடிச்சு.

என் கதைக்கு வர்றேன். முதல் வருஷம் கேம்பஸ் லேப். பெர்மியேட் பவுடர் 25 கிலோ மூட்டை ஒண்ணு குடுத்தாங்க, அதைக் கரைச்சுக் கரைச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். கிராஃப் எல்லாம் கம்பி பிடிச்ச மாதிரி நேரா வந்துச்சு. ரெண்டாம் வருஷம் பிப்ரவரியில் ஆலைக்குப் போனேன். இங்கே மாடுங்க பெரும்பாலும் வசந்த காலத்தை ஒட்டித்தான் கன்னு போடும், புல்லு வளர்ற கணக்கு அது. மே மாசம் பால் கரைபுரளும், டிசம்பர் ஜனவரியில் ஆலை பாதித் தூக்கத்தில் கிடக்கும். பிப்ரவரியில்தான் டேங்கர் வரிசை மறுபடி தொடங்கும்.

ராத்திரி ஷிப்ட், எவாபரேட்டர் (தண்ணியை ஆவியாக்கிக் கெட்டியாக்குற மெஷின்) பக்கத்தில் நிக்கிறேன். லேப்பில் நாள் முழுக்க ஓடின அதே வெப்பநிலை. நாலாவது மணி நேரத்தில் ஆபரேட்டர் ஒரு பக்கக் காதடைப்பானைத் தூக்கினார், பம்ப் சத்தத்தைக் கேட்டார், "கல்லு கட்டிருச்சு"ன்னார். பேனலில் பிரஷர் அதுக்கப்புறம்தான் ஏறுச்சு. நிறுத்தித் திறந்து பார்த்தா, வெந்நீர் அண்டா அடியில் படியுமே வெள்ளையா, அது மாதிரி குழாய் முழுக்கப் பூச்சு. கால்சியம் பாஸ்பேட். நாம பள்ளிக்கூடத்தில் படிச்ச உப்பெல்லாம் சூடாக்கினா நல்லாக் கரையும், இது சூடேற ஏறப் பிரிஞ்சு வந்து ஒட்டும். கன்னு போட்ட புதுசில் வர்ற பாலும், கறவை வத்துற நேரத்துப் பாலும் உப்பில் ஒண்ணு கிடையாது. என் மூட்டையில் இருந்தது ஏதோ ஒரு ஜூன் மாசத்துப் பால். அந்த ஒரே ஜூனை வச்சு ஒரு வருஷம் ஓட்டியிருக்கேன்.

அந்த ஆபரேட்டருக்கு இது பதினஞ்சு வருஷமாத் தெரியும். நான் படிச்ச பேப்பர் எதுலயும் இல்லை. அன்னிலேருந்து பன்னிரண்டு மாசம், வாரம் ஒரு கேன் சாம்பிள் பிடிச்சேன். கேள்வி எனக்குச் சொந்தமானது அப்போதான்.

இனி கசப்பு. மேரி கியூரிக்குப் பணம் வர்ற ஒன்றியத்து ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டத்தின் மானிய ஒப்பந்தப் படி, பேப்பர் போடுறதுக்கு 15 நாள் முன்னாடி கூட்டாளிகளுக்குச் சொன்னாப் போதும். "வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய"ன்னு பக்கத்திலேயே ஒரு துணுக்கு இருக்கும். எங்க கூட்டு ஒப்பந்தத்தில் அந்தத் துணுக்கைப் பிடிச்சு இழுத்து வச்சிருந்தாங்க. என் பேப்பர் ஏழு மாசம் வக்கீல் மேஜையில் தூங்குச்சு. கடைசியில் அனுமதி வந்தப்போ ஒரு நிபந்தனை: மாசப் பேரை எடுக்கணும். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம், "மாதிரி 1, மாதிரி 2"ன்னு போடு. எந்த மாசம் அவங்க ஆலை திணறுதுன்னு போட்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சுடுமாம்! பருவத்தைப் பத்தின பேப்பரில் பருவமே இல்லாமப் போச்சு. "இந்த மாதிரிகளுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"னு ரிவியூவர் கேட்டதுக்கு நான் எழுதின பதிலை இப்போ படிச்சாலும் கூசுது. கம்பெனி பேர் கேக்காதீங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். லிமெரிக் பல்கலைக்கழகத்தில் பால் பதப்படுத்தும் தொழில்நுட்ப மையம் இருக்கு. சந்தையில் முட்டிக்கிற ஆலைங்க அங்கே சேர்ந்து ஆராய்ச்சிக்குக் காசு போடுது. இது மாதிரி கூட்டங்களில் நான் உக்காந்திருக்கேன். குழாய் அடைப்பு, கழுவுற காஸ்டிக், நீராவிச் செலவு, கழிவுநீர்னா மனசு விட்டுப் பேசுவாங்க. விக்கிற பொருள் பக்கம் பேச்சு திரும்புச்சுன்னா எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காபி தேவைப்படும். சாக்கடைப் பக்கத்து ஆராய்ச்சி வெளியே வரும், சரக்குப் பக்கத்து ஆராய்ச்சி பெட்டிக்குள் போகும். உங்க தலைப்பு சாக்கடையில் ஆரம்பிக்குது, ஆனா ஏதாவது எடுத்துட்டீங்கன்னா அது சரக்கு. கார்க் பக்கம் பாலினீனில் கார்பெரி 1978லிருந்தே வே லாக்டோஸை நொதிக்க வச்சு ஆல்கஹால் எடுக்குது. இந்தத் தண்ணியில் காசு இருக்குன்னு இங்கே எல்லாருக்கும் நல்லாவே தெரியும்.

கணக்குப்பிள்ளை:

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பிரான்ஸில் இந்த மாதிரி திட்டங்களுக்கு பட்ஜெட் எழுதுறவன். பால்காரர் அண்ணன் சொன்னதோட பணப் பக்கத்தையும் பாருங்க.

உயிரிப் பொருளாதாரத்தில் இப்போ பெரிய பணப்பை சர்குலர் பயோபேஸ்டு யூரோப் கூட்டு நிறுவனம். 2021ல் தொடங்கினது, மொத்தம் 200 கோடி யூரோ, பாதி ஒன்றியத்துப் பணம், பாதி தொழில்துறைக் கூட்டமைப்பின் பங்களிப்பு. எதுக்குப் பணம் குடுக்கலாம்னு தீர்மானிக்கிற ஆய்வுத் திட்டத்தை எழுதுறதில் அந்தக் கூட்டமைப்புக்கும் கை இருக்கு. கேள்வித்தாள் தயாரிக்கிற அறையில் மாணவனும் உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆலை கட்டப் போறவன் இல்லாம ஆலைக்கான ஆராய்ச்சி எழுதினா அது அலமாரிக்குத்தான் போகும்.

ஆனா கம்பெனி தடுமாறினா? பிரான்ஸில் இன்செக்ட் (Ÿnsect)னு ஒரு கம்பெனி அமியான் ஊர்ப் பக்கத்தில் மாவுப்புழு வளர்க்கிற பெரிய ஆலை கட்டுச்சு. நான் மேலே சொன்ன கூட்டு நிறுவனத்துக்கு முன்னாடி இருந்த கூட்டு நிறுவனம் அந்த ஆலைக்கு சுமார் 2 கோடி யூரோ மானியம் குடுத்தது. மாவுப்புழுவை உணவா 2021ல் ஒன்றியம் அங்கீகரிச்சப்போ ஊரே அதைப் பத்தித்தான் பேசுச்சு. 2024ல் கம்பெனி கடன்காரங்ககிட்டேருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போச்சு, 2025 கடைசியில் கலைப்பு. அதனால, கம்பெனி விலகினா மிச்சக் காலத்துக்கு உங்க சம்பளத்துக்கு யார் பொறுப்புன்னு எழுத்தில் வாங்குங்க. அப்பா கேட்டதுக்கும் இதுவே பதில்: நிரந்தரம்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க.

இன்னொண்ணு, மேரி கியூரியில் சேர்ற நாளுக்கு முந்தின 36 மாசத்தில் அந்த நாட்டில் 12 மாசத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நீங்க இருந்தது நெதர்லாந்து, அயர்லாந்துக்குப் பிரச்சினை இல்லை. இதே திட்டம் நெதர்லாந்திலேயே இருந்திருந்தா விண்ணப்பமே செல்லாது.

டெல்டா_பொண்ணு:

வாகனிங்கனில் பிஎச்டி மூணாவது வருஷம். உங்க கைடு பேச்சைக் கேட்டு சிரிப்பு வந்துச்சு. இந்த ஊர்ல கம்பெனி வாசம் படாத உணவு ஆராய்ச்சியைத் தேடணும். ப்ரீஸ்லான்ட்காம்பினா கேம்பஸிலேயே இருக்கு, யூனிலீவர் 2019ல் வந்துச்சு. கம்பெனிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் கோத்துவிடுற டிஐஎஃப்என் 1997லிருந்து நடக்குது. என் சம்பளமே அரசு, தனியார் கூட்டுப் பணம்தான். சேர்ந்து ஆறு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சது. உங்க பட்டாணிப் பணம் எங்கேருந்து வருதுன்னு கேட்டீங்களா?

வைகைக்கரை:

அக்கா, நேத்து கேட்டேன். மூணு கம்பெனி இருக்கு! கைடு கொஞ்சம் நெளிஞ்சார். "இது வேற மாதிரி"ன்னார்.

பால்காரர் அண்ணா, அயர்லாந்து கம்பெனியில் அடுத்த வாரம் ஆலையைச் சுத்திக் காட்டுறேன்னு கூப்பிட்டிருக்காங்க. என்ன கேக்கணும்?

பால்காரர்:

மேனேஜர்கிட்ட, இதுக்கு முன்னாடி இங்கே பிஎச்டி பண்ணினவங்க பேப்பரைக் காட்டுங்கன்னு கேளுங்க. அதில் அச்சில் மாசம் இருக்கா, "மாதிரி 1" இருக்கான்னு பாருங்க. கூட்டு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ்னு கேளுங்க. தெரியாதுன்னா, தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. பெர்மியேட்டை எந்த டேங்க்கிலிருந்து, யார் அனுமதியோட எடுப்பேன்னும் கேட்டுடுங்க. எனக்கு அந்த ஒரு அனுமதிக்கே அஞ்சு வாரம் ஆச்சு.

அப்புறம் மேனேஜர் போன் பேசப் போற நேரம் பார்த்து எவாபரேட்டர் ஆபரேட்டர்கிட்ட, "எந்த மாசம் கல்லு கட்டும்?"னு கேளுங்க. வாய் விட்டுச் சொன்னார்னா நல்ல இடம்.

மோதிரம், வாட்ச், கையில் கட்டின கயிறு எல்லாத்தையும் ரூம்லயே வச்சுட்டுப் போங்க, வாசல்லயே கழட்டச் சொல்வாங்க. ஷூ அவங்களே தருவாங்க. தடிமனா ஒரு ஜோடி காலுறை மட்டும் எடுத்துக்கோங்க, அந்தத் தரை ஜில்லுன்னு இருக்கும்.